ஸ்பீக்கர் மாமாவுக்கு வந்த போன்

எங்கள் தேனி–மதுரை ரயிலில் யாருக்குப் போன் வந்தாலும் அது ஒரே ஆளுக்கு வந்ததுதான். அவர் ஸ்பீக்கர் மாமா. மதுரையில் ஒரு துணிக்கடைக்கு ராத்திரிக் காவல். சாயங்கால ரயிலில் எனக்கு எதிர் சீட்டு. அவரிடம் போன் கிடையாது. தேவைப்படவில்லை.

யாராவது ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் மாமாவும் சேர்ந்து பேசுவார். முறைத்தால், "பெட்டிக்கே கேக்குற மாதிரி வச்சா, அது எனக்கும் வந்த போன்தானய்யா" என்பார்.

ஒருநாள் பெரியகுளத்துக்காரர் ஒருவர் மனைவியிடம், "ஆபீஸ்ல மீட்டிங்" என்று அளந்துகொண்டிருந்தார். மாமா குனிந்து, "ஆண்டிபட்டி தாண்டிட்டோம் ஆத்தா" என்றார். அந்த மனிதர் இப்போது பஸ்ஸில் போகிறார். இன்னொரு நாள், செல்போனில் சீரியலை அலறவிட்ட ஒரு அக்காவிடம், "நேத்து நான் பாக்கல, மொதல்லருந்து சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார். உசிலம்பட்டிக்குள் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்புறம் என் முறை வந்தது. என் போன் கீழே விழுந்து, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும் என்றாகியிருந்த நேரம். உத்தமபாளையத்தில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பிடித்துப்போய் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ரயில் கிளம்பியதும் பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீக தம்பி. விசாரிச்ச எடத்துல உங்களப் பத்தி யாரும் நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. அதான் வீட்டுல பயப்புடுறாக. இத விட்ருவோம்."

"எங்கிட்ட கேளுங்க" என்றார் மாமா.

"நீங்க யாரு?"

"எதிர் சீட்டு. ரெண்டு வருசமா பாக்கேன். கைப்பிள்ளக்காரி வந்தா மொத ஆளா எந்திரிச்சிருவாப்ல. ஆனா செருப்புக் கால எதிர் சீட்டுல வைப்பாப்ல. வட தின்ன பேப்பர ஜன்னல் வழியா எறிவாப்ல. முறுக்கு வாங்கினா ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாப்ல."

ஓடும் ரயிலிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன். மாமா வழியை மறித்துக் காலை நீட்டியிருந்தார்.

"குடிப்பாப்லயா?"

"தூங்குவாப்ல. வாயத் தெறந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கவுக தோள்ல."

அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டுப் பேசினார். பிறகு, "ஞாயித்துக்கிழம பெரியவுகளக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார்.

"இம்புட்டுக் குத்தம் சொன்ன மனுசன், பெருசா ஒண்ணு இருந்தா விட்டிருப்பாரா?" என்று மாமனார் இன்றைக்கும் சொல்வார்.

போன சித்திரையில் மாமா வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான காமயகவுண்டன்பட்டிக்கே திராட்சைத் தோட்டக் காவலுக்குப் போய்விட்டார். அங்கே ரயில் கிடையாது. போன் இன்னும் வாங்கவில்லையாம்.

நான் புது போன் வாங்கிவிட்டேன். காதில் வைத்தாலே நன்றாகக் கேட்கிறது. இருந்தும் ரயிலில் மனைவி கூப்பிட்டால் ஸ்பீக்கரில்தான் போடுகிறேன். நேற்று சண்டைக்கு நடுவில் அவள் நிறுத்தி, "மாமா இருந்தா இந்நேரம் உங்கள நாலு கேள்வி கேட்டிருப்பாக" என்றாள். நீட்டியிருந்த காலை எதிர் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த மனுஷனை ரொம்பத் தேடுகிறது.