ரேடியோவுக்கு வாங்கிப் பாடும் உன் அக்கா

மட்டாஞ்சேரி,
சனிக்கிழமை, 1979

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அத்திம்பேர் ராமபத்ரனின் ஆசீர்வாதங்கள். இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா அனந்தலக்ஷ்மி க்ஷேமம். நான் இல்லை.

காரணம் ஒரு சினிமா. ரேடியோவில் உருகி உருகிப் பாடுவானே, அந்தப் பாடகனையே கதாநாயகனாகப் போட்டு ஒரு சிரிப்புப் படம் எடுத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரனாக வருகிறானாம், பாயசத்தில் வழுக்கி விழுகிறானாம், விழுந்த இடத்திலேயே பாடுகிறானாம். பக்கத்து வீட்டு கங்காவோடு மத்தியான ஆட்டத்துக்குப் போன உன் அக்கா மறுநாளும் போனாள், அடுத்த வாரமும் போனாள். போகட்டும். உனக்கே தெரியும், கோவில் பஜனையில் நான் ஒரு வரி பாடினால் பெண்கள் பக்கத்தில் முதலில் அதை வாங்கிப் பாடுகிறவள் அவள்தான். வீட்டிலும் நான் குளித்துக்கொண்டே ஒரு வரி பாடினால் சமையலறையிலிருந்து அதே வரி திரும்பி வரும். எங்களுக்குள் எவ்வளவு சண்டை வந்தாலும் அது மட்டும் நின்றதில்லை. இப்போது பாடுகிறேன், பாடுகிறேன், வாளித் தண்ணீர் தீர்ந்துபோகிறது, பதிலைக் காணோம். எட்டிப் பார்த்தால் ரேடியோவுக்கு வாங்கிப் பாடிக்கொண்டிருக்கிறாள்! "ஏண்டி, நான் பாடறது காதில விழலையா?" என்றால், "சித்த சும்மா இருங்கோ, அவன் பாட்டு போயிண்டிருக்கு" என்கிறாள். வாசலில் நின்ற பால்காரச் சேட்டன் வேறு, "ஸ்வாமி, அவன்டெ சப்தம் வேறே தன்னே" என்கிறான். அந்தப் பாடகன் குரலே தனியாம்! இனி இந்தப் பால்காரனிடம் பால் வாங்கப்போவதில்லை.

எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. சரி, பொறாமைதான். வயிறு எரிகிறது. நேற்று பஜனையில் அவனைப் போலவே கண்ணை மூடிக் குழைந்து பாடிப் பார்த்தேன். மிருதங்கக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து, அந்தப் படம் ஓடாத ஊராகப் பார்த்து உன் அக்காவை அழைத்துப் போ.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் அகத்துக்காரிக்கு இதைப் படித்துக் காட்டாதே, அவளும் படத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

மனம் நொந்த அத்திம்பேர்,
ராமபத்ரன்

பின்குறிப்பு: படத்தின் குறைகளைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம் என்று, யாருக்கும் சொல்லாமல் இன்று மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். அந்தப் பயல் பாயசத்தில் கிடந்தபடி ஒரு வரி பாடி மூச்சு வாங்கினான் பார், பஜனைப் பழக்கம், முழுத் தொண்டையில் அதை வாங்கிப் பாடிவிட்டேன். அதிலும் ஒரு வார்த்தை தப்பு. தியேட்டரே சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கணீரென்று வாங்கிப் பாடினாள். அவன் வரியை அல்ல, என் வரியை, அந்தத் தப்பு வார்த்தையோடு!

நீ வர வேண்டாம். நாளைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போகிறோம். அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் மட்டும் அங்கே கிடைத்தால் அனுப்பு.