மில்லி மாமாவும் நாற்பத்தெட்டு ஸ்பூன் மாவும்

அடுப்படிக்குள் நுழைந்ததும் சட்டியில் என்ன வேகிறது என்று பார்க்காமல், கரண்டி எத்தனை மில்லி பிடிக்கும் என்று பார்க்கிற ஓர் இனம் இருக்கிறது. அளவுமாற்றிகள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். சமைக்க மாட்டார்கள். சமைப்பவர்களை விடவும் மாட்டார்கள்.

எங்கள் வீட்டு அளவுமாற்றி என் தாய்மாமா, சுருக்கமாக மில்லி மாமா. சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இருமல் மருந்து மூடி வைத்திருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? தபால்காரர் அரை டம்ளர் தண்ணீர் கேட்டால், முழு டம்ளர் எவ்வளவு, அதில் பாதி எவ்வளவு, அது எத்தனை டேபிள்ஸ்பூன் என்று இவர் மூடியால் ஊற்றி ஊற்றி விளக்கி முடிப்பதற்குள், அந்த மனிதர் அடுத்த தெருவில் குடித்து முடித்திருப்பார்.

அன்று அக்கா கேக் செய்தாக வேண்டும். நான்கு மணிக்கு பேக்கரி முதலாளி ருசி பார்ப்பார். பிடித்தால் அங்கே வேலை. ஒரு கப் மாவு தேவை. அளவு கப் கண்ணெதிரே ஆணியில் தொங்கியது.

"கப்பை எவன் நம்புவான்? மூணு டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன், பதினாறு டேபிள்ஸ்பூன் ஒரு கப்பு. ஆக நாப்பத்தெட்டு டீஸ்பூன். தள்ளும்மா, நான் போடறேன்."

"விடுங்க மாமா, நேரமாகுது."

விடுவாரா? ஒவ்வொரு ஸ்பூனையும் கத்தி முதுகால் வழித்து, மூச்சைப் பிடித்து, முப்பத்தொன்று வரை வந்துவிட்டார். கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்: "தம்பி, மணி என்னடா?"

"ரெண்டு" என்றார் மாமா. அடுத்த ஸ்பூனைப் போட்டார். "மூணு. நாலு."

ஐந்தில்தான் உறைத்தது. மாவு முழுவதையும் டப்பாவில் கொட்டிவிட்டு, மறுபடி ஒன்று. அக்கா, சூடேறிக் காத்திருந்த வெற்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

மாமா மூக்குக்கண்ணாடியில் படிந்த மாவைத் துடைத்த நேரத்தில், ஸ்பூன் என் கால்சட்டைப் பைக்குப் போனது.

"டேய், ஸ்பூனைப் பாத்தியா?"

"ஃபிரிட்ஜுக்கு அடியில உருண்ட மாதிரி இருந்துச்சு மாமா."

அவர் தரையில் படுத்துத் தேடினார். அக்கா கப்பை எடுத்தாள். ஒரே அள்ளு.

வேலை கிடைத்தது. மிச்சக் கேக்கை நறுக்கிக்கொண்டே அக்கா கேட்டாள்: "எவ்வளவு மாமா வேணும்?"

"கொஞ்சம்" என்றார். தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். மில்லி மாமாதான் சொன்னார்.

நீங்கள் எதற்கும் ஜாக்கிரதை. மூன்று பதினாறு நாற்பத்தெட்டுதானா என்று படிக்கும்போதே மனதுக்குள் பெருக்கிப் பார்த்தீர்கள் அல்லவா? உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவருடைய கால்சட்டைப் பையில் ஒரு ஸ்பூன் இருக்கிறது.