சாக வேண்டிய கேழ்வரகு

பேரணாம்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க சகலை டாக்டர் ஜெயசீலன் அவர்களுக்கு மதியழகன் எழுதுவது.

இங்கு நான், பாரதி, இரண்டு எருமைகள் ஆகிய அனைவரும் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் வீட்டம்மா தன் தங்கைக்குத் தினமும் போனில் ஒப்பித்துவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை. நான் அழைக்கும்போது மட்டும் நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கடிதம்.

உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைதீபாவளிக்கு மாமனார் உங்களுக்கு ஸ்கூட்டரும் எனக்கு மேசை விசிறியும் கொடுத்ததை எப்போதோ மறந்துவிட்டேன். ஊசி போடத் தெரியாத உங்களை ‘டாக்டர் மாப்பிள்ளை’ என்றும், எம்.ஏ. பொருளாதாரம் படித்த என்னை ‘ஷூ கம்பெனி மாப்பிள்ளை’ என்றும் அவர் அறிமுகப்படுத்தியதையும் மறந்தாயிற்று. ஆனால் உப்பு, வறட்சி, வெயில் மூன்றையும் ஒருசேரத் தாங்கும் பயிரை உருவாக்க உங்கள் குழு நிதி ஒதுக்கியபோது, ‘இந்த மாவட்டத்திலேயே உருப்படாத நிலம் எது?’ என்று யாரோ கேட்க, நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பெயரைச் சொன்னீர்களாமே, அதை மறக்க மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

நிலம் அப்படித்தான், மறுக்கவில்லை. மேட்டில் இருந்த, இப்போது மூடிப்போன ஒரு தோல் பதனிடும் டேனரியின் கழிவுநீர் என் அப்பா காலம் முழுக்க அதில்தான் பாய்ந்தது. வெயில் ஏறினால் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். சீமைக்கருவேலம்கூட அங்கே முகம் சுளித்துக்கொண்டுதான் வளரும். அப்பா விதைத்ததெல்லாம் கருகிய அந்த மண்ணில் உங்கள் புதுக் கேழ்வரகு கதிர் பிடித்த அன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வரப்பில் தனியாக நின்று கைதட்டினேன். அதனால்தான் அடுத்த மூன்றாண்டு நிதியை நிறுத்தப் போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிதி நின்றால் விதை குளிர்ப்பெட்டிக்குள் போய்விடும், நிலம் மறுபடி கருவேலத்துக்கே.

நடந்தது இதுதான். நீங்கள் அனுப்பிய ஆராய்ச்சி உதவியாளர் பிரிசில்லா நல்ல பெண். புதுக் கேழ்வரகுக்குப் பக்கத்திலேயே ஊர்க் கேழ்வரகை ஒரு பாத்தி விதைத்து, ‘சார், இது கண்ட்ரோல் பாத்தி. ரெண்டுக்குமே தண்ணி கிடையாது. இது செத்து, அது நிக்கணும். அப்பத்தான் நிரூபணம்’ என்றாள். எனக்குப் புரிந்தது. ‘தண்ணீர் ஊற்றாதீர்’ என்று போர்டும் வைத்தாள். போன வியாழக்கிழமை உங்கள் குழு, நீங்கள் இல்லாமலே, காரில் வந்து இறங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, கண்ட்ரோல் பாத்தியைக் காட்டி, ‘பிரமாதம், இதுதானே உங்கள் புது ரகம்?’ என்றார். பிரிசில்லாவுக்கு முகம் செத்துவிட்டது. சாக வேண்டியதும் புது ரகத்துக்குச் சமமாகப் பச்சைப்பசேலென்று இடுப்பளவு நிற்கிறது! ‘இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையே, பிறகு எதற்கு நிதி?’ என்று சொல்லி, என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு (இரண்டு டம்ளர்) போய்விட்டார்.

மறுநாள் நான் மோட்டார் ரூமில் ஒளிந்து உட்கார்ந்தேன். காலையில் முதல் ஆளாக வந்தது என் சொந்த மனைவி, அரிசி கழுவின தண்ணீரோடு. கேட்டால், ‘உங்க சகலை பரிசோதனைக்கு என் வயல்ல எதுக்கு சாவு விழணும்?’ என்கிறாள். உச்சி வெயிலில் ஆடு மேய்க்கும் முனியம்மா, தான் குடிக்கக் கொண்டுவந்த குடத்தோடு. நான் கத்தியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ‘இன்னா சார் நீ, படிச்சவன்தானே? அன்னிக்கி பாக்கிறேன், பக்கத்து பக்கத்துல ரெண்டு புள்ளைங்க, ஒண்ணு தளதளன்னு கீது, ஒண்ணு நாக்கு தள்ளிக்கினு கீது. யார் பாத்துக்கினு சும்மா போவாங்க?’ என்றாள். சாயங்காலம் ஷூ கம்பெனிக்கு நல்ல தண்ணீர் அடிக்கும் டேங்கர் லாரி ரிஹான், டேங்கின் அடியில் மிஞ்சியதை ஹோஸ் போட்டு விட்டுக்கொண்டிருந்தான். ‘போர்டு பாக்கலியாடா?’ என்றேன். ‘பாத்தேன் சார். அதனாலதான் கம்மியா விட்டேன். இல்லாட்டி ஜாஸ்தி விட்டிருப்பேன். பாக்கவே பேஜாரா இருந்துச்சு சார்.’ மூன்று பேரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரு வேளை தவறாமல் ஊற்றியிருக்கிறார்கள். எந்தப் பாசனத் திட்டத்திலும் இப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாம் கெட்டுவிடவில்லை. பிரிசில்லா தாமதமாக விதைத்த இன்னொரு ஜோடிப் பாத்தி கிணற்றோரம் இருக்கிறது. அதை இவர்கள் யாரும் இன்னும் தொடவில்லை. அங்கே ஊர்க் கேழ்வரகு முறைப்படி வாட ஆரம்பித்து, இலை நுனியெல்லாம் கருகி, மிகத் திருப்தியாக இருக்கிறது. குழு இன்னும் ஒரே ஒரு முறை வரட்டும். அதற்கு நீங்கள் மனசு வைக்க வேண்டும். சுற்றி முள்வேலி போட்டாயிற்று. முனியம்மா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள். ரிஹான் லாரியை அந்தப் பக்கம் நிறுத்துவதில்லை. பாரதியின் அரிசித் தண்ணீர் எருமைகளுக்குப் போகிறது. மோட்டார் ரூம் சாவி என் அரைஞாண் கயிற்றில். ஆம்பூரில் இருபது வருஷம் குவாலிட்டி பார்த்தவன் நான், ஒரு தையல் பிசகினாலும் ஜோடியையே தூக்கி எறிவேன். இந்தக் கை இரக்கம் அறியாதது. அந்தப் பாத்தி சாகும். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். குழுவோடு வந்தால் இரவு தங்கிப் போகலாம். மாமனார் கொடுத்த மேசை விசிறி இன்னும் ஓடுகிறது. உங்கள் ஸ்கூட்டர் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத
மதியழகன், எம்.ஏ.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், சாவு எந்த அளவில் இருக்கிறது என்று சும்மா ஒரு நடை பார்த்துவரப் போனேன். அது அப்போதுதான் கதிர் தள்ளியிருக்கிறது, சகலை. அந்த நிலைமையிலும். மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடியது. திரும்பும்போது வழியில் முனியம்மா, ‘இன்னா சார், காலெல்லாம் சேறு? மழ பேஞ்சுதா?’ என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே நிற்கிறாள், போகவே மாட்டேன் என்கிறாள். ஆகவே மேலே சாவைப் பற்றி நான் கொடுத்த உத்தரவாதத்தை அடித்துவிடவும். அதற்குப் பதிலாகக் குழுவிடம் இதைச் சொல்லுங்கள்: பக்கத்திலேயே நிற்கும் உங்கள் புதுக் கேழ்வரகைப் பார்த்து, பாவம் என்று ஒரு சொட்டு ஊற்றியவர் இந்த ஊரில் இன்றுவரை ஒருவரும் இல்லை. நான் உட்பட. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டுமாம்?