சம்மாட்டியாரின் கம்பளப் படகு

கனடாவில் ஏரிக்கும் பஞ்சமில்லை, படகுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மீன் வாசமே இல்லாத மீன்பிடிப் படகு இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஸ்காபறோவில், எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் சம்மாட்டியார். நம்பாதவர்கள் வந்து மோந்து பார்க்கலாம். அவர் சந்தோஷமாக அனுமதிப்பார்.

ஊரில் வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்து நாலு பேருக்குத் தொழில் கொடுப்பவரைத்தான் சம்மாட்டி என்பார்கள். இவர் மன்னாரில் பிறந்தவரே தவிர, கடலில் தொழில் செய்தவர் அல்ல. அங்கே தபால் கந்தோரில் முத்திரை குத்தினார், இங்கே பாண் பேக்கரியில் இரவு வேலை. ஒரு வசந்த காலத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கிய பழைய படகைத் தன் வான் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார். அன்று பின்னேரமே தெரு அவருக்குப் பட்டம் சூட்டிவிட்டது. ஞானஸ்நானப் பெயர் இப்போது அவருடைய மனைவிக்கும் வரி அறவிடுபவர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

படகின் தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கார்ப்பெற் ஒட்டியிருந்தது. இந்த நாட்டு மீன்பிடிப் படகுகளில் அது வழக்கம்தானாம். சம்மாட்டியாருக்கு அது தெரியாது.

"தம்பி, வெள்ளைக்காரன் போட்டுக்குள்ள ஹோல் வைச்சிருக்கிறான், பாத்தீரே!" என்று பூரித்துப்போனார்.

வரவேற்பறை மாதிரிக் கார்ப்பெற் போட்ட ஹோலுக்குள் எந்தத் தமிழன் சப்பாத்தோடு போவான்? அடுத்த நாளே வீட்டுக்குள் இருந்த சப்பாத்துத் தட்டு வெளியே வந்து படகின் ஏணிக்குப் பக்கத்தில் நின்றது. படகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். முன்வீட்டுச் சீனப் பெண்மணி அந்தச் சப்பாத்து வரிசையைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ வழிபாடு நடக்கிறது என்று நினைத்து, எங்களைக் காணும்போதெல்லாம் தலை குனிந்து வணங்கத் தொடங்கினார்.

பிரச்சினை பிலோ அக்காவிடமிருந்து வந்தது. பிலோ அக்கா சம்மாட்டியாரின் மனைவி. தமிழ்க்கடை ஒன்றில் மீன் வெட்டுகிறார். அவர் வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில்தான் சம்மாட்டியார் வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுவார். இருவரும் ஆறுதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான். அங்கேயும் பிரசங்கம் தொடங்கியதும் சம்மாட்டியார் குறட்டை விடுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய், போன் இல்லாமல், விருந்தாளி இல்லாமல், நடுத்தண்ணீரில் இரண்டு பேரும் சும்மா இருக்க வேண்டும். இந்த ஒரு ஆசைக்காகத்தான் மனுசன் படகே வாங்கினார்.

ஆனால் பிலோ அக்காவின் மூக்கு லேசுப்பட்ட மூக்கு அல்ல. கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டே, பின்வரிசை வாங்கில் இருப்பவர் வீட்டில் நேற்று என்ன மீன் பொரித்தார்கள் என்று சொல்லிவிடுவார். படகின் விளிம்பில் குனிந்து ஒருதரம் மோந்தார்.

"கெளுத்தி," என்றார். "இதுக்குள்ள வைச்சு ஆரோ கெளுத்தி வெட்டியிருக்கினம்."

"அது பழைய மணம் பிலோ, காத்துப் பட்டாப் போயிடும்."

"கிழமையில ஆறு நாள் மீன் வெட்டுறன். ஏழாம் நாளும் என்னை மீனுக்குள்ளயே கொண்டுபோய் இருத்தப் போறியளோ? உந்த மீன் வெடுக்குப் போகட்டும், வாறன். இந்தச் சமர் வெயில் முடியிறதுக்குள்ள போகாட்டி, உந்தப் படகை வித்துப்போட்டு எனக்கு ஒரு நல்ல சோபா எடுங்கோ."

அன்று தொடங்கியது யுத்தம். குசினி யன்னல் வழியாக வயர் இழுத்து, வீட்டு வக்கியூமால் படகைக் கூட்டினார். பிறகு கார்ப்பெற் கழுவும் மெசினை வாடகைக்கு எடுத்தார். அப்பச்சோடா, வினாகிரி, தேசிக்காய் என்று கறிக்குப் போடுகிற சாமான் எல்லாம் கம்பளத்துக்குப் போனது. ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் பிலோ அக்கா வேலையால் வந்து, கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலே குனிந்து தீர்ப்புச் சொல்லுவார்.

"கெளுத்தி மணம் போயிட்டுது. இப்ப புழு மணக்குது."

"தூண்டில் புழுவோ?"

"வேற என்ன புழு? திரும்பக் கழுவுங்கோ."

சோபாக் கடை விளம்பரத் தாள்கள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சேரத் தொடங்கின. சம்மாட்டியாருக்கு முகம் கறுத்தது. வேறு வழி தெரியாமல் ஒருநாள் படகைத் தறப்பாளால் மூடிக் கட்டி, உள்ளே சட்டியில் தணல் வைத்து, மாதா திருநாளுக்குப் போடுகிற அளவு சாம்பிராணி போட்டார். தறப்பாளின் ஓட்டை ஒவ்வொன்றாலும் புகை கிளம்பியது. வணங்குகிற சீனப் பெண்மணி இந்தமுறை வணங்காமல் தீயணைப்புப் படைக்குப் போன் அடித்துவிட்டார். சிவப்பு லொறி கூவிக்கொண்டு வந்தது. ஆறடி உயரத்தில் ஒருவர் பெரிய பூட்ஸோடு ஏணியில் கால் வைத்தார். சம்மாட்டியார் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"சேர், ஷூஸ் பிளீஸ்!"

அந்த மனிதர் தன் தலைவரைப் பார்த்தார். தலைவர் நெருப்பு எங்கே என்று கேட்டார்.

"நோ ஃபயர், சேர். ஒன்லி ஸ்மெல். மை வைஃப்."

மனைவிதான் மணக்கிறார் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்களோ என்னவோ, தலைவர் அவருடைய தோளில் ஆறுதலாகத் தட்டினார். தணலை அணைத்து, நல்ல புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் என்னையும் ஒருநாள் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். என் பிறவியில் முதல் தடவையாகத் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. நான் குதூகலமாக இழுத்து மேலே தூக்க, சம்மாட்டியார் அலறினார்.

"தம்பி, உந்த மீனை உள்ளுக்கு ஏத்தாதையும்!"

"அண்ணை, மீன் பிடிக்கத்தானே வந்தனாங்கள்?"

"பிடியும். ஆர் வேண்டாம் எண்டது? வெளியில வைச்சுக் கழட்டி விடும்!"

ஆகஸ்ட் முடிகிற ஒரு சனிக்கிழமை, கடைசித் தடவையாக ஒரு கழுவல் நடந்தது. பின்னேரம் பிலோ அக்கா குனிந்தார், மோந்தார், நிமிர்ந்தார். ஒரு மீன் பெயரும் சொல்லவில்லை.

"நாளைக்குப் பூசை முடிய வாறன். தண்ணியில வைச்சு ஒருக்கா மணந்து பாத்துத்தான் முடிவு சொல்லுவன். நனைஞ்சாத்தான் உண்மை மணம் வரும்."

சம்மாட்டியாருக்கு ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஓட்ட வராது. அதனால் அடுத்த நாள் நானும் சிம்கோ ஏரிக்குப் போனேன். படகைத் தண்ணீரில் இறக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு சோடி சப்பாத்துக்கும் காவலாகக் கரையில் நின்றேன். பிலோ அக்கா லைஃப் ஜாக்கெற் போட்டு, வெறுங்காலோடு கம்பளத்தில் ராணி மாதிரி இருந்தார். சம்மாட்டியார் ஷேட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். காற்றில்லாத நாள். அவர்கள் கொஞ்சத் தூரம் போய் எஞ்சினை நிறுத்தியதும் பேச்செல்லாம் கரைக்குக் கேட்டது.

"இஞ்சேருங்கோ, கால் ஈரமாக் கிடக்கு."

"நேற்றுக் கழுவினதெல்லே, வடிவாக் காயேல்லை."

"கணுக்கால் மட்டுக்கு வருகுது!"

"கார்ப்பெற் கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்கும் பிலோ."

"குடிச்சது காணும். இதுக்குள்ள இப்ப நெத்தலி வளக்கலாம்!"

இந்த மாதிரிப் படகுகளுக்குப் பின்பக்கத்தில், அடியில், பெருவிரல் பருமனில் ஒரு துவாரம் இருக்கும். கரையில் நிற்கும்போது அடைப்பைக் கழற்றினால் உள்ளே நிற்கிற தண்ணீர் வடிந்துவிடும். கம்பளம் கழுவிய தண்ணீர் வடியட்டும் என்று சனிக்கிழமை அதைக் கழற்றிய சம்மாட்டியார், அதோடு விட்டாரா? அடைப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, குசினி யன்னலடியில் வெயிலில் காய வைத்திருந்தார். அது அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது.

விஷயம் விளங்கியதும் எஞ்சினை முடுக்கித் திருப்பினார். படகு பாதி மூழ்கிய எருமை போல வந்து, கரைக்குக் கிட்ட இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்த் தண்ணீருக்குள் இறங்கி விளிம்பில் கையைப் போட்டேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அந்த மனுசன் கத்தினார்:

"தம்பி, சப்பாத்தோட ஏறிப்போடாதையும்!"

வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு அக்காவை மட்டும் கரைக்குக் கூட்டிப்போக நினைத்தேன். பிறகு ஒருமாதிரி மூவருமாக இழுத்து, படகை ட்ரெய்லரில் ஏற்றினோம். துவாரத்தால் ஏரி ஒழுகிக்கொண்டிருந்தது. சம்மாட்டியார் ஈர ஷேட்டோடு சீமெந்துத் தரையில் குந்தியிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கே வித்துப்போடுறன் பிலோ. சோபா எடுப்பம். நீர் தாளில பாத்த அந்த மண்ணிறச் சோபா."

பிலோ அக்கா படகடிக்குப் போனார். ஏணியில் ஏறி, ஊறிக் கிடந்த கம்பளத்தில் முழங்காலில் இருந்து, முகத்தை அதன் மேல் வைத்து ஆழமாக மூச்சு இழுத்தார். சம்மாட்டியார் மூச்சு விடவில்லை. சத்தியமாக நானும்தான்.

"வெடுக்கு இல்லை," என்றார்.

"என்னை ஆறுதல்படுத்தச் சொல்லுறீரோ?"

"பூசை கண்டிட்டு வந்து பொய் சொல்லுவனே? ஒரு பொட்டு வெடுக்கு இல்லை. மேல ஏறி வாங்கோ. வாற ஞாயிறும் வருவம், ஆனா அந்த ஓட்டையை அடைச்சுப்போட்டு வாங்கோ."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலோ அக்கா அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அதுவரை கண்டதில்லை.

ஏரிக்குக் கொண்டுபோன மரக்கறி ரோல்ஸை, வாகனத் தரிப்பிடத்தில் ட்ரெய்லர் மேல் நின்ற படகுக்குள் இருந்தே இருவரும் சாப்பிட்டார்கள். பிலோ அக்கா கடிக்கக் கடிக்க ரோல்ஸ் தூள் கம்பளத்தில் கொட்டியது. நான் பதறிப்போய்ச் சம்மாட்டியாரைப் பார்த்தேன். அவர் அதைக் காணவேயில்லை, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன் மேல் எனக்கு இவ்வளவு விருப்பம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.