தடை அக்கா மறித்த தேர்

எங்கள் மாதா கோயில் பங்கில் நரகத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு. தடை அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் வேலை கிடைத்து, கல்பாக்கத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் இடையே ஒரு சின்ன ஊரில் வாடகைக்குக் குடியேறினேன். ஞாயிறுதோறும் கோயில் பாடகர் குழுவில் நின்று பாடுவேன். அக்காவுக்கு அந்தப் பட்டம் கிடைத்த திருப்பலியில் நானும் இருந்தேன்.

அன்றைக்குப் பூசை முடிவில் ஃபாதர் கல்யாண ஓலை வாசித்தார். "இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்." அந்த வரி வந்தால் செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிப்பதுதான் சபையின் வழக்கம். அன்று பெண்கள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"தடை கீது ஃபாதர்!"

பெண்ணின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள நல்ல புள்ளதான். ஆனா டிகிரி முட்சிட்டேன்னு பொண்ணு வூட்ல சொல்லிக்கினு கீறாரு. ரெண்டு பேப்பர் பாக்கி. அத்த எழுதச் சொல்லுங்க, அப்பால தாலி கட்டட்டும்."

மாப்பிள்ளை எழுதினார், பாஸும் ஆனார். கல்யாணத்தில் முதல் இலை அக்காவுக்குத்தான் போட்டார்கள்.

அவர் கட்டட வேலையில் சித்தாள். மூன்றாம் மாடியில் நிற்கும் மேஸ்திரிக்குத் தரையிலிருந்தே பதில் சொல்லிப் பழகிய தொண்டை. தவக்காலத்தில் ஃபாதர் உபவாசத்தின் மேன்மையை நீட்டி முழக்கியபோது, அந்தத் தொண்டை கடைசி வரிசையிலிருந்து கிளம்பியது. "நாங்க வேல கெடைக்காத நாள்லாம் அதான் ஃபாதர் இருக்கறோம். மூணு வேளையும் துன்றவங்களுக்குச் சொல்லிக் குடுங்க, எங்கள வுட்டுடுங்க!" பிரசங்கம் அத்துடன் முடிந்தது. பாடகர் குழுவில் நாங்கள் சிரிப்பை அடக்க, பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டோம்.

ஆனால், சிரித்து நகர்ந்துவிட முடியாத ஒன்று எங்கள் பங்கில் இருந்தது. மாதா திருவிழாத் தேர் கடைத்தெரு போகும், மீனவர் தெரு போகும், டாக்டர் வீட்டு வாசலில் நின்றுகூடப் போகும். அக்கா குடியிருந்த காலனிக்குள் மட்டும் போகாது. ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள் வாழும் தெரு அது. காரணம் சாதி என்று ஒரு வாய்கூடச் சொல்லாது.

திருவிழாக் கூட்டத்தில் அக்கா எழுந்து கேட்டார். பங்குப் பேரவைச் செயலாளர், இஸ்திரி கலையாத சஃபாரி சூட்டில் இருப்பவர், பொறுமையாக விளக்கினார்.

"சந்து ரொம்பக் குறுகலும்மா. தேர் நுழையாது."

"தண்ணி லாரி வருதே. மாதா இன்னா லாரியவிடப் பெருசா?"

"மேல கம்பி வேற தொங்குது."

"தண்ணி லாரிய முட்டாத கம்பி தேர மட்டும் முட்டுமா சார்?"

புதிதாக வந்திருந்த இளம் ஃபாதர் தரையைப் பார்த்தபடி, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

திருவிழா மாலை. பேண்டு முழங்கத் தேர் கடைத்தெருப் பக்கம் திரும்ப வேண்டிய முனைக்கு வந்தது. ரோட்டின் குறுக்கே காலனிப் பெண்கள் கையில் மெழுகுவர்த்தியோடு முழங்காலில் நின்றார்கள். நடுவில் அக்கா. ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது.

"வழிய விடும்மா" என்றார் செயலாளர்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க!" என்றார் அக்கா.

"போலீஸக் கூப்பிடுவேன்."

"அருள் நிறைந்த மரியே வாழ்க!" இன்னும் சத்தமாக.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சாமி கும்பிட்டுகினு கீறாங்க சார். நான் எப்டி எழுப்பறது?"

ஜெபமாலை முடிந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு முதல் மணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஃபாதர் முன்னால் வந்து நின்றார். அக்கா எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"கைக்கொழந்தைய வெச்சிகினு எகிப்துக்கே போன தாயி ஃபாதர். எங்க தெருவுக்கு வரமாட்டேன்னு அவங்களா சொன்னாங்க?"

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ஃபாதர் தேர்மேல் இருந்த மாதாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தேர் தள்ளுகிற இளைஞர்களிடம், "காலனிக்குத் திருப்புங்க" என்றார். செயலாளர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். ஃபாதர் அவரைத் தாண்டி முன்னே நடந்தார்.

தேர் சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. பாதி வழியில் 'டக்'கென்று நின்றது.

"கம்பி இடிக்குதுன்னு சொன்னேன்ல!" என்று பின்னாலிருந்து செயலாளர் குதித்தார்.

கம்பி இல்லை, துணிக் கொடி. அதுவும் அக்கா வீட்டுக் கொடி. தெருவையே கூட்டிப் பெருக்கியவர் சொந்த வீட்டுத் துணியை எடுக்க மறந்திருந்தார். ஓடிவந்து புடவை, துண்டு, சட்டையோடு கொடியை ஒரே இழுப்பில் அறுத்து, மூட்டையாக அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இப்ப போங்கப்பா!" என்றார். தெருவே சிரித்தது. சிரித்த கையோடு அழுதது. வாசலுக்கு வாசல் மல்லிகையும், நேர்ச்சைக்கு வைத்திருந்த உப்பும் மிளகும் தேர்மேல் வந்து விழுந்தன. மறு வருஷமும் தேர் அந்த வழியாகத்தான் போனது. செயலாளர் வேறு பங்குக்குப் போனார்.

சில வருஷங்களில் அக்கா மகளோடு செங்கல்பட்டுக்குக் குடிபோய்விட்டார். பிறகொரு நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், "யோவ் பாட்டுக்காரரே!" என்று ஒரு குரல். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. முடி நரைத்திருந்தது, வேறெதுவும் மாறவில்லை. பேத்தி நர்ஸுக்குப் படிப்பதையும், அந்த ஊர்ப் பாடகர் குழுவுக்குச் சுதியே சேராததையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் நிறுத்தி, "உனக்கு நேரமாவுதா தம்பி?" என்றார்.

"இல்லக்கா, நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் முதுகுக்குப் பின்னால் என் பஸ் போய்க்கொண்டிருந்தது.