மாப்பிள்ளை போட்ட புது சிஸ்டமும் ஐம்பத்தெட்டுப் பெயர்களும்

மர்பி டவுன்,
பெங்களூர் – 8.
17-5-2004, திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஹரிஷ் அவர்களுக்கு,

மாமனார் குணசேகர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை செண்பகமும் சுகமாக இருக்கிறோம். அங்கே தொம்மலூரில் நீங்களும் எங்கள் மகள் சங்கமித்ராவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஆட்டோவில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்கு இந்த மனிதர் ஏன் தபால் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். காரணம் இருக்கிறது. போன வாரம் முழுக்க உங்களுக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். ஒன்பது தடவையும் நான் "அது வந்து மாப்பிள்ளை" என்று ஆரம்பிக்கும்போதே, "மாமா, மீட்டிங்ல இருக்கேன், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் நடுவே புகுந்து அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே கடிதம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சாப்பிட வந்தீர்கள். கை கழுவிக்கொண்டு வந்த நீங்கள் என் மேஜையைப் பார்த்து, "மாமா, இன்னுமா இந்தப் பழைய சிஸ்டத்தையே வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். செங்கல் பொடியில் பல் தேய்க்கிறவனைக் கேட்பதுபோல இருந்தது. "நல்லாத்தான் ஓடுது மாப்பிள்ளை" என்றேன். "ஓடுது மாமா, ஆனா நொண்டுது" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தீர்கள். மாப்பிள்ளை ஆசையாகச் செய்கிறார், குறுக்கே பேசாதே என்று உங்கள் அத்தை கண்ணைக் காட்டினாள். பேசாமல் இருந்தது என் முதல் தவறு. "உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சுட்டேன்" என்று நீங்கள் சொன்னதை நம்பி இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றியது இரண்டாவது தவறு.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். பச்சைப் பசேலென்று ஒரு மேடு வந்தது. மேலே நீல வானம், நாலு மேகம். நான் மேடு கேட்கவில்லை. நான் வைத்த இடத்தில் நான் வைத்த பொருள் இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஸ்கேலும் பென்சிலும் ஒரே இடத்தில் வைத்து எடுத்தவன் நான். இங்கே எல்லாம் வீடு மாற்றிக்கொண்டு போயிருந்தது. ஒரு ஃபைலைத் தேடினால் மூலையிலிருந்து ஒரு நாய்க்குட்டி வந்து உட்கார்ந்துகொண்டு வாலை ஆட்டுகிறது. உங்கள் அத்தைக்கு அதைப் பார்த்து ஒரே குஷி, "ஐயோ, தேடுது பாருங்க, இன்னொரு தடவை தேடச் சொல்லுங்க" என்கிறாள். அது ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. பிரிண்டர் கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கிறது. பிரிண்டர் எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டுகிறது. நான் பிரிண்டரைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்துக் காட்டாத குறை. இது போதாதென்று தினமும் காலையில் கீழ்மூலையில் ஒரு கட்டம் வந்து, இன்னும் இருபத்தொன்பது நாள்தான் இருக்கிறது என்கிறது. மறுநாள் இருபத்தெட்டு. எதையோ பதிவு செய்யவேண்டுமாம், அதற்குக் கெடுவாம். அறுபத்திரண்டு வயது மனிதனிடம் இப்படியா பேசுவது? எங்கள் டாக்டர்கூட சுற்றி வளைத்துத்தான் சொல்லுவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அது அந்தப் பெயர்ப் பட்டியல்.

மாப்பிள்ளை, நீங்கள் திருச்செங்கோட்டுக்காரர், கோலார் தங்கவயல் உங்களுக்குக் கல்யாணத்துக்கு வந்துபோன ஊர். எங்களுக்கு அப்படியில்லை. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கி, உயிரோடு மேலே வராதவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். அவர்கள் பெயரை ஒரே இடத்தில் யாரும் எழுதி வைத்ததில்லை. நானும் எங்கள் லைன்காரர் ஆம்ப்ரோஸும் இரண்டு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் தங்கவயலுக்குப் போய் வீடு வீடாகக் கேட்டோம். கல்லறைக் கல்லைத் துடைத்துப் படித்தோம். ரேஷன் கார்டு பார்த்தோம். ஆம்ப்ரோஸ் சுரங்கத்தில் தூக்கி இயந்திரம் ஓட்டியவர். ஆட்களைக் கூண்டில் கீழே இறக்கி, மேலே ஏற்றியது அவர் கைதான். அவர் சொல்லச் சொல்ல, பழைய சிஸ்டத்தில் இருந்த தமிழ் ஃபான்ட்டில் ஒவ்வொரு பெயராக நான் அடித்து வைத்தேன். இறந்த தேதி வரிசை. ஒன்பதாவது வரி என் அப்பா தனக்கோடி. பதினாறாம் தேதி ஞாயிறு நடக்கவிருந்த எங்கள் லைன்காரர்கள் கூட்டத்தில் முதல் தடவையாக அதைப் படித்து, எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுப்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை அந்த ஃபைலைத் திறந்தேன். இருந்தது, நீங்கள் சொன்னபடி பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. எல்லாம் தொப்பி போட்ட ஆங்கில எழுத்து, வால் முளைத்த சி, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ. உங்களுக்கு போன் செய்தேன். ரீஸ்டார்ட் என்றீர்கள். செய்தேன். பதினோரு தடவை செய்தேன். பதினோரு தடவையும் மேடு வந்தது, வானம் வந்தது, அப்பா வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அல்சூர் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராஜேந்திரனிடம் போனேன். நல்ல மனிதர். பதினாலு வகைத் தமிழ் எழுத்தைப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொன்றில் தமிழ் வந்தது, ஆனால் வாயில் நுழையாத தமிழ். கடைசியில், "ஆகல்லா சார், முடியாது. நீங்க அடிச்ச அதே ஃபான்ட் வேணும். அதைச் செஞ்சு வித்தவன் கடையை மூடிட்டுப் போயிட்டான் போல. பேசாம மொத்தத்தையும் திரும்ப டைப் பண்ணிடுங்க" என்றார். எதைப் பார்த்து டைப் செய்வது என்று கேட்டேன். துண்டுச் சீட்டுகளில் குறித்ததையெல்லாம் டைப் அடித்தாயிற்று என்று அப்போதே போகிப் பண்டிகைக்குக் கொளுத்திவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்தால் காலத்துக்கும் இருக்கும் என்று எனக்குச் சொன்னவர் யார் என்று இங்கே எழுதி உங்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை.

புதன்கிழமை காலை ஆம்ப்ரோஸ் பட்டியலைப் பார்க்க வந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என் தம்பி எங்கய்யா?"

"இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கான்."

"எங்க?"

"தெரியலைய்யா."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கும் இதையேதான் சொன்னாங்க. உள்ளதான் எங்கயோ இருக்கான்னு. மூணு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க."

மாப்பிள்ளை, அந்த நிமிடத்தில் எனக்கு வந்ததுதான் இந்தக் கோபம். ஒரு பெட்டி, நேற்று வந்த பெட்டி, இந்த மனிதரை இரண்டாவது தடவை இப்படிக் காத்திருக்க வைப்பதா? "உட்காருய்யா" என்றேன். "நாமே தோண்டி எடுப்போம்." உங்கள் அத்தையிடம் டீ கேட்டேன். பழைய கிராஃப் பேப்பர் கட்டைப் பிரித்தேன்.

ஒன்பதாவது வரி அப்பா என்பது எனக்குத் தெரியும். எந்த எழுத்து எந்த உருவமாக மாறியிருக்கிறதோ அது எல்லா இடத்திலும் அப்படியேதான் மாறியிருக்கவேண்டும் என்று என் சர்வே மூளைக்குப் பட்டது. அப்பா பெயரை மேலே எழுதி, அதன் கீழே அந்தக் கோணல் எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்தேன். த கிடைத்தது. ன கிடைத்தது. க் கிடைத்தது. டி கிடைத்தது. ஆம்ப்ரோஸ், "என் தம்பி பேர்ல மூணு தடவை ஸ் வரும்யா" என்றார். அவர் தம்பி பெயர் ஸ்தனிஸ்லாஸ். ஒரே உருவம் மூன்று தடவை வருகிற வரியை இருவரும் விரல் வைத்துத் தேடினோம். முப்பத்தொன்றாவது வரி. தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ, முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. முதல் ஓவுக்கு அடுத்து அப்பாவின் த. ஆம்ப்ரோஸ் திரையைத் தொட்டார். "இதான்யா. இவன்தான்" என்றார். உங்கள் அத்தை டீயை வைத்துவிட்டு, தானும் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள்.

அப்புறம் எங்களை யார் தடுப்பது? புதன், வியாழன், வெள்ளி, சனி, காலை பத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்தோம். சில இடத்தில் ஒரு எழுத்து பிடிபடாது. அப்போது பெயரைவிட்டு ஆளைப் பிடிப்போம். "ஐம்பத்தாறாம் வருஷம், பேர் ரா-வுல ஆரம்பிக்குது, யாருய்யா?" என்று கேட்பேன். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு, "காதுல பீடி சொருகிக்கிட்டு, கூண்டுக்குள்ள கடைசியா ஏறுவானே, அவன்... ராமய்யா" என்பார். எழுத்தைப் பொருத்திப் பார்த்தால் ராமய்யாதான். இப்படியே ஒவ்வொரு ஆளும் வந்தார்கள். புல்லாங்குழல் வாசித்தவர், கால்பந்தில் கோல் காத்த கோலி, மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் போனவர். நான் டைப் அடித்தபோது பெயரும் வருஷமும் மட்டும்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது. கம்ப்யூட்டர் கட்டம் போட்டு ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பதிலே சொல்லவில்லை. ஐம்பத்தெட்டையும் இந்தியன் இங்க் தொட்டு, சர்வே ஆபீஸ் கையெழுத்தில், வரைபடத்துக்கு எழுதுகிற மாதிரி எழுதி முடித்தேன். விரல் நடுங்குகிறது என்று டாக்டர் சொன்னார். நடுங்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. நூற்றிருபது பேர் இருப்பார்கள். நான் படித்தேன். முப்பத்தொன்றாவது பெயர் வந்ததும் தாளை ஆம்ப்ரோஸிடம் கொடுத்தேன், அவரே படித்தார். முடிந்த பிறகு சீதாலட்சுமி என்று ஒரு அம்மாள், பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர், ஜெராக்ஸ் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்ணே, எங்க தாத்தா பக்கத்துல கோலின்னு போட்டிருக்கீங்க. அவர் ஃபுட்பால் ஆடுவாருன்னே எங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றார். நீங்கள் வருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. சங்கமித்ரா மட்டும் வந்து, நீங்கள் வேலையாக இருப்பதாகச் சொன்னாள். மாமனார் அதையும் குறித்துக்கொண்டார்.

ஆகவே மாப்பிள்ளை, என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வார முடிவுக்குள் நீங்கள் வந்து, அந்த மேட்டையும் வானத்தையும் நாயையும் கிளப்பிக்கொண்டு போகவேண்டும். நொண்டினாலும் என் பழைய சிஸ்டம்தான் எனக்கு வேண்டும். காலம் மாறிவிட்டது, எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள். என்னைக் கேட்டுக்கொண்டு மாறட்டும். நான் புதிது வேண்டாம் என்கிற ஆள் இல்லை; தங்கவயலில் முதல் முதலாகக் கால்குலேட்டர் வந்தபோது கை நீட்டி வாங்கியவன். ஆனால் எங்கள் ஆட்களை எனக்கே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டு, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று ஒரு கட்டம் போடுகிறதே, அதன் முன்னால் நான் கை கட்டி நிற்க மாட்டேன். இனி எத்தனை நாள் கெடு வைத்தாலும் சரி. மாமனார் ரீஸ்டார்ட் ஆவதாக இல்லை.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். சங்கமித்ராவை வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடச் சொல்லவும். உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் வணக்கம். புத்தரின் கருணை உங்கள் இருவர் மேலும் எப்போதும் இருக்கட்டும். என் மேல் கொஞ்சம் கூடுதலாக, பொறுமைக்காக.

இப்படிக்கு,
கோபம் தணியாத உங்கள் மாமனார்,
த. குணசேகர்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சங்கமித்ரா ஒரு சி.டி.யோடு வந்து நின்றாள். "அப்பா, அவரு அஞ்சு நாளா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டு அலைஞ்சாருப்பா. உங்க ஃபான்ட் கோயம்புத்தூர்ல ஒரு பிரஸ்காரர்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சு, ஞாயித்துக்கிழமை அவரே பஸ்ல போய் வாங்கிட்டு வந்தாரு. உங்களுக்கு போன்ல சொல்லப் பயம்" என்றாள். போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐம்பத்தெட்டுப் பேரும் தமிழில் வந்து வரிசையாக நின்றார்கள். ஆம்ப்ரோஸையும் வரவழைத்து எங்கள் தாளோடு ஒத்துப் பார்த்தோம். ஐம்பத்தேழு சரி. நாற்பத்துநாலாம் வரியில் நாங்கள் எழுதியது சின்னப்பா, கம்ப்யூட்டரில் இருப்பது சின்னப்பன். மிஷின்தான் தப்பு என்கிறார் ஆம்ப்ரோஸ். அதை அடித்தது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வந்த பக்கத்து லைன்காரர்கள் தங்கள் பெயர்களையும் இதேபோல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், நூறைத் தாண்டுமாம். கையால் எழுதி மாளாது. ஆகவே புது சிஸ்டம் இருக்கட்டும். மேலே அதை எடுக்கச் சொன்ன வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும். கோபத்தை அடிக்க வேண்டாம். கோயம்புத்தூர்வரை போய் வந்த ஒரு மாப்பிள்ளைக்கு இவ்வளவு கோபமாக எழுத எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்காது. அதனால் கிழிக்காமல் அனுப்புகிறேன்.