கமிட் அக்கா கேட்ட ஒரு வரி

போன கால் மணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த மனுஷி, நான் சுற்றிய ஊர்களிலேயே சின்னமனூர் கமிட் அக்கா ஒருத்தர்தான். அது தெரியாமல், அவரிடம் விடைகூடப் பெறாமல், பையைத் தோளில் போட்டு உத்தமபாளையம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, ஏலத்தோட்டம், லாரி கிளீனர் என்று சுற்றி, கடைசியாக வாழைக்காய் பழுக்கவைக்கும் குளிர் அறைகளில் பெட்டி தூக்கினேன். ஆறு அறைகள். குளிரையும் காற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதற்குப் புரோகிராம் எழுதியவர் அக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அண்ணே என்பார். ஊரோடு சேர்ந்து நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்பதை நாங்கள் தீர்த்துக்கொள்ளவே இல்லை.

புரோகிராமில் ஒரு புள்ளி மாறினாலும், கிட் என்ற கம்ப்யூட்டர் சாமானில் அந்த நிலையைப் பத்திரப்படுத்தி, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதுவார். அதற்குப் பெயர் கமிட். எப்போது வேண்டுமானாலும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகலாமாம்; எப்படி என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அதோடு விட்டாரா? நாற்காலியை நகர்த்தினாலும் சுவரில் தொங்கும் நோட்டில் 'காலில் வெயில் பட்டது' என்று எழுத வேண்டும்.

ஒருமுறை வீட்டுக்காரரோடு போனில் சண்டை. "இருங்க. சாப்பிட்டியான்னு கேட்டீகள்ல, அதுவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? அங்கன போங்க, அங்கருந்து திருப்பிப் பேசுவோம்" என்றார். அந்த மனுஷனும் போனார். சண்டை இல்லை. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அன்று அக்கா தேனிக்குப் போயிருந்தார். ஜெயமங்கலத்து விவசாயி ஒருவர் வந்து மூன்றாம் அறையை எட்டிப் பார்த்தார். ஒரு வருஷ வெள்ளாமை அத்தனையும் உள்ளே இருந்தது.

"என்னப்பா, காய் கல்லு மாதிரி கெடக்கு. சூட்டைக் கொஞ்சம் ஏத்திவிடு."

"அக்கா வரட்டும்ணே."

"ஒரு நம்பரைத் தட்டுறதுக்கு அவுக வரணுமாக்கும்? ஒனக்குக் கை இல்லையா?"

கை இருந்தது. தட்டினேன். ஆறு அறையிலும் விசிறி நின்றது. பழைய எண்ணைப் போட்டேன். அதுதான் பழைய எண்ணா என்று சந்தேகம். மேலே ஒரு வரியை அழித்தேன், கீழே ஒன்றைத் திருத்தினேன். கால் மணி நேரத்தில், முதலில் என்ன இருந்தது என்பதே மறந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டு "எல்லாம் நின்னுபோச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். காற்றில்லாத அறையில் காய் வெந்துபோகும். அந்த விவசாயியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நடையைக் கட்டினேன்.

மூன்று கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். போன் அடித்தது.

"அண்ணே, எங்கன இருக்கீக?"

"உத்தமபாளையம் ரோட்டுல. காய் போச்சா அக்கா?"

"காய்க்கு என்ன? பஸ்ஸுலயே லேப்டாப்பைத் தெறந்து நேத்துச் சாயங்காலக் கமிட்டுக்குத் திருப்பிட்டேன். விசிறி ஓடுது. ஜெயமங்கலத்துக்காரக டீ குடிக்கிறாக."

சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். நான் மறந்துபோன ஒவ்வொரு எழுத்தையும், ஓடுகிற பஸ்ஸில் இருந்தபடி ஒருத்தர் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.

"பெறகு எதுக்கு அக்கா போன் பண்ணீக?"

"கோவம்ணே. மாத்துனீக, சரி. ஒரு வரி எழுதாமப் போயிட்டீகளே."

எத்தனையோ வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன், எதற்கும் திரும்பியதில்லை. மறுநாள் காலை திரும்பினேன். இனிப் பெட்டி தூக்க வேண்டாம், யார் எதை மாற்றினாலும் எழுதுவதுதான் வேலை என்று சொல்லி, கீபோர்டை என் பக்கம் தள்ளினார் அக்கா. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்: 'சூட்டை மாற்றினேன். பயந்து ஓடினேன். திரும்பி வந்தேன்.'

"ஒரு வரிதானண்ணே கேட்டேன்" என்றார் அக்கா. ஆனால் எதையும் அழிக்கவில்லை.